எட்ட நின்றா, கிட்டப் போயா?

தமிழ்நாட்டில் பட்டிமன்றம் என்று ஒன்று இருக்கும் வரை வாலிக்கு மோட்சம் இல்லை. ஒவ்வொரு பண்டிகைக்கும் அவனை எழுப்பி உட்காரவைத்து, 'இராமன் மறைந்து நின்று அம்பு எய்தது சரியா?' என்று கேட்பார்கள். எதிரே நிற்பவனின் பலத்தில் பாதி தனக்கு வந்து சேர வேண்டும் என்று வரம் வாங்கியவன் வாலி. அவன் கைக்கெட்டும் தூரத்தில் நின்று அவனை ஜெயிக்க முடியாது. எட்ட நின்று அடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அணி பிரிந்து பேசுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். இருந்தாலும் கைதட்டல் பெரும்பாலும் வாலியின் பக்கம்தான் விழும்.

அதற்குக் காரணம் உண்டு. மார்பில் பட்ட புண்ணைப் பெருமையாகவும் முதுகில் பட்ட புண்ணை அவமானமாகவும் எண்ணிய ஊர் இது. வெண்ணிப் போரில் கரிகாலனின் ஆயுதம் மார்பைத் துளைத்து முதுகு வரை வந்துவிட்டதற்காகச் சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்து உயிர் விட்டான். வில்லைக் கொடியில் பொறித்துக்கொண்ட வம்சம் அவனுடையது. வில்லும் இங்கே கௌரவமான ஆயுதம்தான். ஆனாலும் நேருக்கு நேர் மோதுவதை வீரம் என்றும், தூர இருந்து தாக்குவதைத் தந்திரம் என்றும் பிரித்து வைக்கும் பழக்கம் ரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது.

இந்தக் கேள்வி இப்போது கல்லூரிப் பிள்ளைகளின் மேஜைக்கும் வந்திருக்கிறது. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 1974-ல் வெளியிட்டார்கள். ஒருவர் கதை சொல்லி நடத்த, மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாகி, இருபது முகப் பகடையை உருட்டி ஆடுவது. தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டிய விஷயங்களில் ஒன்று: கையில் வாளா, வில்லா? 2014-ல் வந்த பதிப்பின் விதிகளில் நீள வாளும் நீள வில்லும் ஏற்படுத்தும் காயம் ஒன்றுதான், எட்டு முகப் பகடையின் ஓர் உருட்டு. ஆனால் வில் 150 அடி வரை சிரமமில்லாமல் பாயும், வாள் ஐந்தடி. அப்படியானால் எவன் வாளை எடுப்பான்? அங்கேதான் விதி ஒரு கிடுக்கிப்பிடி போடுகிறது. எதிரி ஐந்தடிக்குள் வந்து நின்றுவிட்டால் வில்லாளி ஒரு பகடைக்கு இரண்டாக உருட்டி, இரண்டில் குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். எட்டப் போரின் முழு விலையும் இந்த ஒரு விதியில் அடங்கியிருக்கிறது. தூரம் இருக்கும் வரை வில்லாளி ராஜா. தூரம் போய்விட்டால்?

இந்தப் பகடை விளையாட்டின் குலமுறை கிளத்தினால் அது சதுரங்கத்தில் போய் முடியும். 1780-ல் ஹெல்விக் என்ற ஜெர்மானியர் சதுரங்கப் பலகையை ஆயிரத்துக்கும் அதிகமான கட்டங்களாக விரித்து, பீரங்கியையும் சேர்த்து ஒரு போர் விளையாட்டு செய்தார். அந்த வழியில் வந்த விளையாட்டைப் பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் பயிற்சிக்கு வைத்துக்கொண்டார்கள். பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் அமெரிக்கப் போர் விளையாட்டுகளுக்கு அதுதான் மூதாதை. அவற்றின் வயிற்றில் பிறந்தது 1974-ன் விளையாட்டு. சதுரங்கமோ இந்தியச் சரக்கு. ஆகவே கேள்வி ஒரு சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அது வெளியூர் போவதற்கு முன்பே, இந்தியாவிலேயே இரண்டு பேர் அதை ஆண்டுக்கணக்கில் ஆடித் தீர்க்கப் பார்த்தார்கள். இடம்: அன்றைய கல்கத்தா.

ஒருவர் ஜான் காக்ரேன். 1798-ல் பிறந்தவர், ஸ்காட்லாந்துக்காரர், பாரிஸ்டர். 1822-லேயே செஸ் பற்றி ஒரு புத்தகம் எழுதிவிட்டு, பிறகு கல்கத்தாவில் வக்கீல் தொழில் செய்யக் கப்பல் ஏறியவர். நடுவில் விடுப்பில் லண்டன் போய், அந்தக் காலத்தின் முதன்மையான ஆட்டக்காரரான ஹோவர்டு ஸ்டான்டனுடன் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடிவிட்டுத் திரும்பியவர். கல்கத்தா செஸ் கிளப்பில் அவருக்குச் சமமாக உட்கார ஆள் இல்லை.

இன்னொருவர் மகேஷ்சந்திர பானர்ஜி. ஆங்கிலேயர்கள் 'மொஃபஸ்ஸில்' என்று அலட்சியமாகக் குறிப்பிடும் உள்நாட்டுப் பகுதி ஒன்றைச் சேர்ந்த வங்காள பிராமணர். தோல்வியே அறியாதவர் என்று பேர் வாங்கியிருந்தவரைக் கிளப் உறுப்பினர் ஒருவர் கண்டுபிடித்துச் சொல்ல, காக்ரேன் அவருடன் ஆடினார், ஜெயித்தார். ஜெயித்தவருக்கு, தான் தோற்கடித்த ஆள் எப்பேர்ப்பட்டவர் என்றும் புரிந்தது. மகேஷ்சந்திரர் கிளப்பில் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டார். கல்கத்தாவில் காக்ரேனுடன் சரிசமமாக ஆடிப்பார்க்கத் தகுந்த ஒரே ஆள் இந்த பிராமணர்தான் என்று, 1850-ல் ஸ்டான்டனின் லண்டன் பத்திரிகையில் வெளியான ஒரு கடிதம் சொல்கிறது. ஆங்கிலேயர்கள் அவர் பெயரை மோஹிஷுந்தர் என்றும் போனர்ஜி என்றும் தோன்றியபடியெல்லாம் எழுதினார்கள். பெயரைத்தான் அப்படிக் குதறினார்களே தவிர, அவர் நகர்த்திய காய்களைச் சரியாகவே எழுதி வைத்தார்கள். அந்த மட்டில் நன்றி.

இருவரும் இரு வேறு போர்முறைக்காரர்கள். அதைச் சொல்வதற்கு முன், சதுரங்கப் பலகையில் தூரம் என்பது என்ன என்று பார்த்துவிட வேண்டும்.

பழைய இந்திய, பாரசீகச் சதுரங்கம் ஏறக்குறைய முழுக்க முழுக்கக் கிட்டப் போர். இன்று ராணி நிற்கும் இடத்தில் அன்று மந்திரி நின்றார். கோணலாக ஒரே ஒரு கட்டம் நகர்வார். இன்றைய பிஷப்பின் இடத்தில் நின்ற காய், கோணலாக இரண்டாவது கட்டத்துக்குத் தாவும், அவ்வளவுதான். நேர்கோட்டில் ஓடும் மூலைக்காய் ஒன்றுதான் தூரத்தில் இருந்து அடிக்கக் கூடியது. பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் யாரோ மந்திரியை ராணியாக்கி, அவளையும் பிஷப்பையும் பலகையின் ஒரு கோடியில் இருந்து மறுகோடி வரை ஓட விட்டார்கள். அன்றைக்குத்தான் சதுரங்கத்துக்கு வில் கிடைத்தது.

அந்த வில் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் இங்கே பல ஊர்களில் ஒரு விதியை மட்டும் விடவில்லை: சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகலாம். ஐரோப்பியச் சிப்பாய் எடுத்த எடுப்பில் இரண்டு கட்டம் பாய்ந்து பலகையின் நடுவே போய் நிற்பான். இந்தியச் சிப்பாய்க்கு அந்த அவசரம் கிடையாது. சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். சத்யஜித் ராய் தமது 'சத்ரஞ்ச் கே கிலாடி' படத்தில் (1977) இதற்கென்றே ஒரு காட்சி வைத்திருக்கிறார். வெள்ளைக்காரன் எப்படி ஆடுகிறான் என்று ஒருவர் விளக்குகிறார். லக்னோவின் இரண்டு நவாபு வீட்டுச் சோம்பேறிகளுக்கும் அது வேடிக்கையாக இருக்கிறது. கதை நடப்பது 1856-ல். அந்த ஆண்டு கும்பினியார் பறித்துக்கொண்ட அயோத்தி ராஜ்யத்தின் நவாப் வாஜித் அலி ஷா கடைசியில் வந்து குடியேறியதும் கல்கத்தாவின் மட்டியாபுருஜில்தான்.

ஒற்றையடிச் சிப்பாயோடு வளர்ந்த ஆட்டக்காரனின் புத்தி வேறு மாதிரி வேலை செய்யும். நடுப் பலகையை ஓடிப்போய்ப் பிடிக்க முடியாது என்பதால் பிடிக்க ஆசைப்பட மாட்டான். ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்துவான். அந்தச் சந்தில் பிஷப்பைக் கொண்டுபோய் வைப்பான். அங்கிருந்து பார்த்தால் பலகையின் மிக நீண்ட கோணல் கோடு, எதிரியின் யானை நிற்கும் மூலை வரை, திறந்து கிடக்கும். நடுவில் எதிரி வந்து கூடாரம் அடிக்கட்டும். அடித்த பிறகு தூரத்தில் இருந்து ஒவ்வொன்றாகச் சாய்க்கலாம். மகேஷ்சந்திரர் ஐரோப்பிய விதிகளைக் கற்றுக்கொண்ட பிறகும் இந்தப் புத்தியை விடவில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நடுவில் குவிய, அவர் ஓரத்தில் பிஷப்பைப் பதுக்கிக்கொண்டு காத்திருந்தார்.

அன்றைய ஐரோப்பியப் பாடத்தின்படி இது தவறு. நடுவைப் பிடி, காய்களை விரைந்து இறக்கு, ராஜாவைத் துரத்து. எதையாவது பலி கொடுக்க வேண்டியிருந்தால் கொடு. காக்ரேன் அந்தப் பாடத்தின் உச்சம். 1848-ல் மகேஷ்சந்திரருடன் ஆடிய ஓர் ஆட்டத்தில், நாலாவது நகர்விலேயே தன் குதிரையை எதிரி ராஜாவின் காலடியில் இருந்த சிப்பாய் மேல் பாய விட்டார். ராஜா குதிரையைக் கொன்றே ஆக வேண்டும். கொன்றால் வீட்டை விட்டு வெளியே வந்தாக வேண்டும். ஒரு குதிரைக்கு இரண்டு சிப்பாய், கூடவே வெட்டவெளியில் ஒரு ராஜா. இந்தக் கணக்கு பார்த்தால் நஷ்டம், ஆடினால் பயம். ஆட்டத்தைக் காக்ரேன் ஜெயித்தார். அந்தப் பாய்ச்சலுக்கு இன்றும் 'காக்ரேன் காம்பிட்' என்றுதான் பெயர். நூற்றைம்பது வருஷம் கழித்து, 1999-ல் லினாரெஸ் போட்டியில் தொபலோவ் அதே பாய்ச்சலைக் கிராம்னிக் மீது பிரயோகித்து டிரா செய்தார். கணினிகள் தலையெடுத்துவிட்ட காலத்தில், அதுவும் கிராம்னிக் போன்ற ஓர் இரும்புக் கோட்டை மேல்! கத்தியை எடுத்துக்கொண்டு கிட்டே போகிறவனுக்கு என்றுமே ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது.

குதிரை குத்திய அந்தக் கட்டத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. செஸ் மொழியில் அதற்கு எஃப்-7 என்று பெயர். ஆட்டத் தொடக்கத்தில் கறுப்பு ராஜாவைத் தவிர வேறு எந்தக் காவலும் இல்லாத சிப்பாய் நிற்கும் கட்டம் அது. கறுப்பின் உடம்பில் அதுதான் வர்மம்.

இனி 1855-க்கு வரலாம். அந்த மே மாதக் கடைசி நாளில்தான் ராணி ராஷ்மணி கட்டிய தட்சிணேசுவரம் காளி கோயில் திறக்கப்பட்டது. அடுத்த மாதக் கடைசியில் வங்காள மாகாணத்தின் சந்தால் பழங்குடிகள் வில்லும் அம்புமாகக் கும்பினிக்கு எதிராகக் கிளம்பினார்கள். துப்பாக்கியின் தூரம் வில்லின் தூரத்தை விட அதிகம் என்பதை அவர்கள் தங்கள் உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதே மே மாதத்தில், கல்கத்தாவில் ஒரு மேஜையில், காக்ரேன் வெள்ளை, மகேஷ்சந்திரர் கறுப்பு.

மகேஷ்சந்திரர் முதலில் குதிரையை எடுத்தார். பிறகு வழக்கம்போல் ராஜா பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். மூன்றாவது நகர்வில் ஒரு புதுமை: ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் பாய்ச்சி, வெள்ளையின் சிப்பாய்களோடு நேரே மோதவிட்டார். ஒற்றையடிச் சிப்பாயோடு வளர்ந்தவர் இரட்டையடிச் சிப்பாயை எங்கே, எதற்காகப் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்துவிட்டார். நடுவை வா வா என்று வெள்ளைக்குக் கொடுத்துவிட்டு, பிஷப்பை எதிரே வைத்து அதன் அஸ்திவாரத்தைச் சுட ஆரம்பித்தார். ராஜா பத்திரமாகக் கோட்டைக்குள் போய்விட்டது. சிப்பாய்கள் வெட்டுப்பட்டார்கள், குதிரைகள் வெட்டுப்பட்டன, கோடுகள் திறந்தன. அவருடைய நீண்ட கோட்டுப் பிஷப் வெள்ளையின் நடுச் சிப்பாயைக் குறிவைத்து உட்கார்ந்திருந்தது. பதினாறு நகர்வுகள் வரை எட்டப் போர் என்பதற்கு இலக்கணமான ஆட்டம்.

பதினேழாவது நகர்வில் காக்ரேனின் குதிரை முன்னே வந்து, எஃப்-7 கட்டத்தைப் பார்த்து நின்றது. வெள்ளை ராணியும் ஏற்கெனவே ஒரு கோணல் கோட்டின் கோடியில் இருந்து அதே கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் முன்னே தள்ளினால் ராணியின் அந்தக் கோட்டை அடைத்துவிடலாம்; மகேஷ்சந்திரர் சிறுவயது முதல் தள்ளிப் பழகிய அதே ஒற்றையடி. அவர் அதைச் செய்யவில்லை. தூரத்தில் இருந்த வெள்ளைப் பிஷப்பை வெட்டினார். குதிரை எஃப்-7ல் குதித்தது. அப்போதும் அவர் பதிலுக்குத் தன் குதிரையை ஓரத்துக்குக் கொண்டுபோய் வெள்ளை ராணியைத் தாக்கினார். வீட்டுக்குள் திருடன் நுழைந்துவிட்ட பிறகும் தெருமுனையைக் குறிபார்த்துக்கொண்டிருந்த மாதிரி.

மிச்சம் மூன்றே நகர்வு. குதிரை விலக, ராணியும் குதிரையும் ஒரே சமயத்தில் ராஜாவுக்குச் செக். ராஜா மூலைக்கு ஓடுகிறது. ராணி நேரே ராஜாவின் பக்கத்துக் கட்டத்தில் போய் உட்காருகிறாள், எடுத்துக்கொள் என்று. யானை எடுத்துக்கொள்கிறது, எடுக்காமல் இருக்க வழி இல்லை. குதிரை மறுபடி எஃப்-7ல் குதிக்கிறது. மேட். ராஜாவுக்கு ஒரு பக்கம் தன்னுடைய யானை, ஒரு பக்கம் தன்னுடைய சிப்பாய். மூன்றாவது பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றது எது தெரியுமா? அந்தப் பிஷப்! பலகையின் மறுகோடி வரை பார்த்துக்கொண்டிருந்த அதே வில்லாளி, தன் ராஜா தப்பியோட இருந்த கட்டத்தை மறித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

கிட்டப் போர்க்காரனுக்குக் கிடைக்கக் கூடிய வெற்றிகளில் இதைவிடச் சுத்தமானது இல்லை. ராணியைக் கொடுத்து, ஒரே ஒரு குதிரையால், கைக்கெட்டும் தூரத்தில் மூச்சை முட்டவைத்துக் கொல்வது. பலகையில் குதிரை ஒன்றுதான் எதற்கும் நடுவே தாண்டிப் போகக் கூடியது. ஆனால் அதன் எட்டு கட்டமும் பக்கத்திலேயே. வில்லாளியின் அரணைக் குத்துச் சண்டைக்காரன் ஏறிக் குதித்தால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி.

அப்படியானால் காக்ரேனின் முறைதான் சரி, மகேஷ்சந்திரரின் முறை தப்பு என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? எழுதியிருப்பார்கள், இருவரும் ஆடிய வேறோர் ஆட்டம் இல்லாவிட்டால். அதிலும் காக்ரேன் வெள்ளை. நாலு சிப்பாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி நடுப் பலகை முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தார், பார்ப்பவருக்குக் குலை நடுங்கும்படி. மகேஷ்சந்திரர் பிஷப்புகளைத் தூரத்தில் வைத்துக்கொண்டு, ஒன்பதாவது நகர்வில் ஒரு குதிரையை வீசி அந்தச் சுவரை உடைத்தார். காக்ரேனின் குதிரை தாவித் தாவி உள்ளே வந்து கறுப்பு ராணியையே கொன்றது. கொல்லட்டும் என்றுதான் விட்டிருந்தார். ஒரு சிப்பாய் விலகியது. அதன் பின்னால் தூரத்தில் காத்திருந்த பிஷப்பின் கோடு திறந்து, வெள்ளை ராணி விழுந்தாள். கணக்குத் தீர்ந்தபோது காக்ரேனின் சுவரும் இல்லை, ஆட்டமும் இல்லை. மகேஷ்சந்திரர் கொடுத்த பலிகள் முற்றிலும் சரிதானா என்று இன்றைய நிபுணர்கள் சந்தேகிக்கிறார்கள். இருக்கட்டும். தோற்ற ஆட்டத்துக்கும் வென்ற ஆட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆயுதத்தில் இல்லை. இந்த ஆட்டத்தில் அவர் எதிரி கிட்டே வரும் நேரத்தைத் தாமே குறித்தார். அந்த ஆட்டத்தில் காக்ரேன் குறித்தார்.

பகடை உருட்டும் பிள்ளைகளுக்கு அவர்களுடைய விதிப் புத்தகம் ஐந்தடி என்று ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிடுகிறது. சதுரங்கத்தில் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது. எந்த நகர்வில் எட்டப் போர் கிட்டப் போராக மாறியது என்பது பெரும்பாலும் மாறி முடிந்த பிறகுதான் தெரியும். மகேஷ்சந்திரரைத் தூர நின்று அடித்ததற்காகக் குறை சொல்ல முடியாது. பதினேழாவது நகர்வுக்குப் பின் தூரம் தீர்ந்துவிட்டதைக் கவனிக்காததற்காக வேண்டுமானால் சொல்லலாம்.

காக்ரேன் 1869-ல் இந்தியாவை விட்டுப் போனார். 1878-ல் லண்டனில் இறந்தார். மகேஷ்சந்திரரின் ஆட்டமுறைக்கு 'இந்தியத் தடுப்பு' என்ற பெயர் 1880-களில் அச்சில் வந்தது. ஆனாலும் ஐரோப்பாவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் உலகப் போர் முடிந்த பிறகு ஒரு புதிய தலைமுறை வந்தது. நீம்ஸோவிச், ரேட்டி, தார்த்தகோவர், இன்னும் சிலர். நடுவை உடம்பால் அடைக்க வேண்டியதில்லை, தூரத்தில் இருந்து பார்வையாலேயே ஆளலாம் என்றார்கள். ரேட்டியின் புத்தகம் 1923-ல் வந்தது, நீம்ஸோவிச்சின் புத்தகம் 1925-ல். 'அதிநவீனம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்! வங்காளத்துச் சிறு ஊர் ஒன்றில் இருந்து வந்த ஒருவர் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே ஆடியது. மகேஷ்சந்திரர் 1855-ல் ஆடிய அந்த மூன்றாவது நகர்வை ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் 1922-ல் வியன்னாவில் எடுத்தாண்டு, அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர் ஒருவரையே வீழ்த்தினார். அன்று முதல் அது 'குருன்ஃபெல்ட் தடுப்பு'. காக்ரேனின் கத்திக்குக் காக்ரேனின் பெயர். மகேஷ்சந்திரரின் வில்லுக்கு வேறொருவரின் பெயர். இதில் சதி எதுவும் இல்லை. தோற்ற ஆட்டத்துக்கு யாரும் பெயர் சூட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இந்தியப் புத்தி ஐரோப்பிய மேஜையில் செல்லுபடியாகும் என்பதற்கு நடுவில் இன்னொரு சாட்சியும் வந்தது. பஞ்சாபில் இந்திய விதிகளில் வளர்ந்த மீர் சுல்தான் கான் 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகள் பிரிட்டிஷ் சாம்பியன். ஹேஸ்டிங்ஸ் போட்டியில் கபாபிளாங்காவையே தோற்கடித்தவர். தொடக்க நகர்வுகளில் அவர் தடுமாறுவார், பாதி ஆட்டத்துக்கு மேல் அவரைப் பிடிக்க முடியாது என்பார்கள். அவருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் 2024-ல் கொடுத்தார்கள். இறந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

தமிழர்களுக்கும் இந்தக் கல்கத்தாக் கதையில் பங்கு உண்டு. 2010 ஏப்ரலில் பல்கேரியத் தலைநகர் ஸோஃபியாவில் உலக சாம்பியன் பட்டத்துக்காக விஸ்வநாதன் ஆனந்தும் தொபலோவும் மோதினார்கள். ஐஸ்லாந்து எரிமலை கக்கிய சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஆனந்த் ஐரோப்பாவின் குறுக்கே காரில் போய்ச் சேர்ந்தார். முதல் ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு அவர் தேர்ந்தெடுத்தது மகேஷ்சந்திரரின் வில்லைத்தான். தொபலோவ் காக்ரேன் காம்பிட் ஆடியவர் ஆயிற்றே. முதல் வேலையாகத் தன் பிஷப்பை ஆனந்தின் பிஷப் எதிரே கொண்டுவந்து நிறுத்தி இரண்டையும் வெட்டுப்பட வைத்தார். வில்லாளியை முதலில் தீர்த்துவிடு! பிறகு குதிரை வந்தது. இருபத்துமூன்றாவது நகர்வில் ஆனந்த் ராஜாவைக் கொண்டுபோய் வைத்த கட்டம் எஃப்-7. அதே கட்டம். அடுத்த நகர்வில் குதிரை பாய்ந்து பலியானது, ராஜா வெட்டவெளிக்கு வந்தது, முப்பதாவது நகர்வில் ஆனந்த் கையை நீட்டிவிட்டார்.

உலக சாம்பியன் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் இப்படி அடிபட்டவர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார் என்று எண்ணத் தோன்றும். பத்தாவது ஆட்டத்தில் மறுபடியும் குருன்ஃபெல்ட் தடுப்பையே ஆடி டிரா செய்தார். பன்னிரண்டாவது, கடைசி ஆட்டத்தில் இருவரும் சமநிலையில் இருந்தார்கள். அதில் வேறொரு தொடக்கம். ஆனால் முடித்துவைத்தது நீண்ட கோணல் கோடுதான்: ஆனந்தின் ராணியும் பிஷப்பும் ஒரே வரிசையில் நின்று, பலகையின் மறுகோடியில் இருந்த தொபலோவின் ராஜாவை நடுத்தெருவுக்கு விரட்டின. ஆறரைக்கு ஐந்தரை. பட்டம் தங்கிவிட்டது. வாலி கட்சிக்காரர்கள் இதையும் தந்திரம் என்று சொல்வார்களோ என்னவோ.

கொல்கத்தா இன்றும் செஸ் நகரம்தான். 1982-ல் லண்டனில் விக்டர் கோர்ச்னாயை வீழ்த்தியபோது பதினாறு வயதுகூட ஆகியிராத திப்யேந்து பருவா இந்த ஊர்க்காரர். 1991-ல் ஆனந்துக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். சூர்யசேகர் கங்குலியும் இந்த ஊர்தான். 2018 முதல் டாட்டா ஸ்டீல் போட்டி உலகத்தின் பெரிய பெயர்களை இங்கே கூட்டி வருகிறது. பிள்ளைகளுக்கு முதலில் எதைக் கற்றுத்தருவது என்பதில் பயிற்சியாளர்களிடையே எங்கும்போல இங்கும் சச்சரவு உண்டு. ராஜாவை நேரே துரத்தும் பழைய ஆட்டங்களில் தொடங்குகிறவர்களே அதிகம். அடிபட்டு அடிகொடுத்துத் தூரத்தின் அருமை தெரிந்த பிறகு பிஷப்பை ஓரத்தில் வைக்கட்டும் என்பது அவர்கள் கட்சி. மகேஷ்சந்திரர் இதை அப்படியே தலைகீழாகப் படித்தவர்.

கொல்கத்தாவில் பல தலைமுறைச் சிறுவர்கள் காய் நகர்த்திப் பழகிய இடம், ரஷ்யக் கலாசார மையமான கோர்க்கி சதனில் இருக்கும் செஸ் கிளப். அதற்கு ஊர்க்காரரின் பெயர் இல்லை, ரஷ்ய உலக சாம்பியன் அலெக்ஸாண்டர் அலெகினின் பெயர். 1922-ல் வியன்னாவில் குருன்ஃபெல்ட் அந்தக் கல்கத்தா நகர்வை வைத்து வீழ்த்தினாரே, அந்தப் பெரிய ஆட்டக்காரர் இவர்தான். தோற்ற ஆத்திரத்தில் தன் ராஜாவைத் தூக்கி அறையின் மறுகோடிக்கு வீசி எறிந்தார் என்று சொல்வார்கள்.